மூலத்துக்கு வெட்கம் மருந்தாகாது



சம்பளம், வீடு, தண்ணீர், வேலை நிரந்தரம் என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பகுதியில் பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது, லயத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்தும் யாருமே வாய்விட்டுப் பேசாத ஒன்று. அதுதான் மூலநோய். மலாய்க்காரர்கள் இதைப் 'புவாசிர்' என்பார்கள். "சீ, இதையெல்லாமா பேப்பரில் எழுதுவது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். முகம் சுளித்துச் சுளித்தே நாம் இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு பிரிஞ்சாங் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் கூட்டம். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. இரண்டு மணி நேரமும் நின்றபடியே பேசினேன். "அண்ணனுக்கு ஆவேசம் வந்துட்டா உட்காரவே மாட்டாரு" என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னான். ஆவேசமும் இல்லை, ஒன்றும் இல்லை. உட்கார முடியவில்லை, அதுதான் உண்மை. மூன்று வருஷமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லவில்லை. ஊரார் உரிமைக்குத் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு, டாக்டர் முன்னால் போய் "ஐயா, எனக்கு இந்த இடத்தில் நோவு" என்று சொல்லக் குரல் வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் மலைப்படி ஏறும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ரத்தச் சோகை என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மூலத்தை அறுத்து எடுத்தார்கள். அந்த முதல் வாரத்து வேதனையை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு மாதத்தில் நான் மறுபடி மனிதனானேன். மூன்று வருஷம் பட்ட பாடு வெட்கத்துக்குக் கட்டிய வட்டி.

எனக்காவது வட்டியோடு போயிற்று. எங்கள் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் முதலையே பறிகொடுத்தார். அவருக்கும் ரத்தம் போயிற்று. "மூலச்சூடு, மோர் குடித்தால் அடங்கிடும்" என்று ஒரு வருஷத்துக்கு மேல் அவரே தனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டார். உடம்பு இளைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அது மூலமே இல்லை. மலக்குடலில் புற்றுநோய். காலம் கடந்துவிட்டது.

ஆகவே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ரத்தம் போனால் மறைக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அறுக்க வேண்டும் என்று அவர் சொன்னால் பயப்படாதீர்கள். அதற்கான லீவு உங்கள் உரிமை.

மூலம் என்பது என்ன?

இது சாபமும் இல்லை, பாவமும் இல்லை. ஒழுக்கக்கேட்டால் வருவதும் இல்லை. ஆசனவாயின் உட்புறத்தில் எல்லா மனிதருக்கும் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை உண்டு. பிறக்கும்போதே இருப்பது. மலத்தையும் வாயுவையும் அடக்கிவைக்க அது உதவுகிறது. திரும்பத் திரும்ப முக்கினால் அந்த மெத்தை வீங்கி, பிடிப்புத் தளர்ந்து கீழே சரிகிறது. அதைத்தான் மூலம் என்கிறோம்.

உள்ளே இருப்பது உள்மூலம். அங்கே வலி உணர்ச்சி இல்லாததால் வலிக்காமலே ரத்தம் வரும். வெளியே இருப்பது வெளிமூலம். அதில் ரத்தம் கட்டிக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். உள்மூலத்தை டாக்டர்கள் நான்கு படியாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் ரத்தம் மட்டும் வரும், சதை வெளியே வராது. இரண்டாம் படியில் மலம் கழிக்கும்போது முளை வெளியே வந்து தானே உள்ளே போய்விடும். மூன்றாம் படியில் விரலால் தள்ளினால்தான் உள்ளே போகும். நான்காம் படியில் தள்ளினாலும் போகாது. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். வைத்தியம் பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான்.

ஏன் நமக்கு வருகிறது?

மலச்சிக்கல்தான் பெரிய காரணம். கர்ப்ப காலத்தில் பெண்களுக்கு வருவதும் சகஜம். பாரம் தூக்கி முக்குவதும் மூலத்தை மோசமாக்கும். சரி, மலச்சிக்கல் நமக்கு எங்கிருந்து வருகிறது? அதை யோசித்துப் பாருங்கள்.

விடியற்காலையில் பிரட்டுக்கு ஓட வேண்டும். வயிறு கூப்பிடுகிற நேரத்தில் லாரி நிற்கிறது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அடக்கிக்கொண்டு மலையேறுகிறோம். கொழுந்துக் காட்டில் கக்கூஸ் எங்கே இருக்கிறது? ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? போக இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மலைக் குளிரில் தாகமும் தெரிவதில்லை. அடக்கிய மலம் குடலிலேயே தண்ணீர் வற்றிக் கல்லாகிறது. சாயங்காலம் முக்குகிறோம். ஒரு நாளா, இரண்டு நாளா? இருபது முப்பது வருஷம்!

சாப்பாட்டையும் பாருங்கள். கேமரன் மலையிலிருந்து கோஸும் கீரையும் தக்காளியும் லாரி லாரியாகக் கீழ்நாட்டுக்கு இறங்குகின்றன. அந்த மலையிலேயே வாழும் நம் வீட்டுச் சட்டியில் சோறு, கருவாடு, சீனி போட்ட தேத்தண்ணி. காலையில் வெறும் ரொட்டி. கீரை வாரத்தில் ஒரு நாள் வந்தால் பெரிய விஷயம். நார்ச்சத்து இல்லாத சாப்பாடு மலச்சிக்கலுக்கு நாமே போடும் உரம்.

ஆக, இது தனி மனிதனின் வியாதி மட்டும் அல்ல. பாதி நம் சாப்பாட்டில் இருக்கிறது, மீதி நம் வேலைக்காட்டில் இருக்கிறது.

கத்தி கடைசிப் படிதான்

"ஆஸ்பத்திரிக்குப் போனால் உடனே வெட்டிப்புடுவாங்க" என்று பயந்துதான் பலர் போவதில்லை. அது தவறு. மூலம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆப்பரேஷன் தேவைப்படாது.

முதல் வைத்தியம் சாப்பாடும் தண்ணீரும். கீரை, கோஸ், பயறு, கொய்யா, பப்பாளி ஆகியவற்றைத் தினமும் சேர்க்க வேண்டும். நம் பாட்டிமார் துத்திக் கீரையும் கருணைக்கிழங்கும் சமைத்துக் கொடுத்தது நினைவிருக்கலாம். கீரையும் கிழங்கும் நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். வயிறு கூப்பிட்டால் உடனே போங்கள். அங்கே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் கழிக்காதீர்கள். முக்காதீர்கள். ஓர் அகலப் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் இடுப்பளவு உட்கார்ந்தால் வலி தணியும்.

இதில் அடங்காவிட்டால் அடுத்தது ரப்பர் வளையம். மூல முளையின் அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று முளை சுருங்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே விழுந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம், படுக்கையும் வேண்டாம், அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கலாம். இந்த முறைக்கான கருவியை பேரன் என்ற அமெரிக்க டாக்டர் 1963 இல் எழுதிப் பரப்பினார். அது இன்றைக்கும் உலகமெங்கும் நடக்கிறது. முதல், இரண்டாம் படிக்காரர்களுக்கும் மூன்றாம் படியில் சிலருக்கும் இதுவே போதும்.

இவை எதற்கும் அடங்காத பெரிய மூலத்துக்கும், நான்காம் படிக்கும், உள்மூலமும் வெளிமூலமும் சேர்ந்திருப்பவர்களுக்கும்தான் கத்தி. லண்டனில் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் மில்லிகன், மோர்கன் என்ற இரண்டு டாக்டர்கள் 1937 இல் எழுதிவைத்த முறையையே இன்றும் பல இடங்களில் செய்கிறார்கள். வீங்கிய முளையை வெட்டி எடுத்து, ரத்தக் குழாயைக் கட்டி, புண்ணைத் தைக்காமல் தானே ஆற விடுவது அந்த முறை. தையல் போட்டு மூடுகிற முறையும் உண்டு. 1990களில் இத்தாலிய டாக்டர் லோங்கோ, சரிந்த சதையை வட்டமாக வெட்டி மேலே தூக்கிப் பின் அடிக்கிற கருவி முறையைக் கொண்டுவந்தார். அதில் வலி குறைவு, ஆனால் மூலம் மறுபடி வரும் வாய்ப்புக் கொஞ்சம் அதிகம். அறுத்து எடுத்தால் வலி அதிகம், திரும்ப வருவது குறைவு. எது உங்களுக்குப் பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அறுத்த பிறகு எப்படி இருக்கும்?

நான் பட்டதைச் சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள். ஆப்பரேஷன் நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஊசியின் வேகம் போன பிறகுதான் வலி. முதல் வாரம் கஷ்டம். முதல் தடவை மலம் கழிப்பதை நினைத்து நடுங்கினேன். சிலர் இதற்குப் பயந்து சாப்பிடாமலே கிடப்பார்கள். அது பெரிய தப்பு, மலம் இறுகி இன்னும் வதைக்கும். டாக்டர் கொடுக்கிற மலமிளக்கி மருந்தை நிறுத்தாதீர்கள். வலி மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருங்கள்.

புண் முழுதும் ஆற ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். இரண்டு வாரத்தில் நடமாடலாம், சின்ன வேலை செய்யலாம். கொழுந்துச் சாக்கைத் தூக்குவதும், இயந்திரத்தைச் சுமந்து நிரை ஏறுவதும் டாக்டர் சொல்லும் வரை கூடாது. ஆப்பரேஷன் முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் சிலருக்கு ரத்தம் வருவதுண்டு. சொட்டுச் சொட்டாக வந்தால் பயமில்லை. கட்டி கட்டியாகக் கொட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ரத்தமெல்லாம் மூலம் அல்ல

அந்த அக்காவை நினைத்து இதைத் தனியாக எழுதுகிறேன். சிவந்த ரத்தம் மலத்தின் மேல் சொட்டினால் அது பெரும்பாலும் மூலமாக இருக்கும். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி உயிரை அடகு வைக்க முடியாது. ரத்தம் மலத்தோடு கலந்து வருவது, மலம் தார் போல் கறுத்துப்போவது, வழக்கம் மாறி வாரக்கணக்கில் பேதியோ மலச்சிக்கலோ நீடிப்பது, காரணமின்றி உடம்பு இளைப்பது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, வயது ஐம்பதைத் தாண்டியது ஆகிய எது இருந்தாலும் குடலைக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலேசிய ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். நம்மவர்கள் பலர் பிந்தித்தான் போகிறார்கள்.

சந்தையில் களிம்பும் எண்ணெயும் விற்கிறவர், "மூலம், பவுத்திரம் ஆப்பரேஷன் இல்லாமல் குணம்" என்று பலகை போட்டவர், ஒரே ஊசியில் விழவைக்கிறேன் என்பவர் ஆகியோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இவர்களில் யார் உங்களைப் படுக்க வைத்துப் பரிசோதித்தார்? பார்க்காமலே மருந்து கொடுப்பவருக்கு அது மூலமா புற்றா என்று எப்படித் தெரியும்? டாக்டர்களும் மூலத்துக்கு ஊசி போடுவதுண்டு. அது வேறு. கண்ட மருந்தை அங்கே குத்தினால் சதை அழுகிவிடும்.

லீவு பிச்சை அல்ல, சட்டம்

"அண்ணே, ஆப்பரேஷன் பண்ணிட்டுப் படுத்தா சோத்துக்கு என்னா செய்யிறது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ லீவு உண்டு. ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. சாதாரண எம்.சி. நாளை இதில் கழிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, ஏதோ காரணத்தால் படுக்காமல் போனாலும், படுத்ததாகவே சட்டம் கருதும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதியில்லாமல் நின்றதாக எழுதிவிடுவார்கள். முதலில் நிர்வாகம் நியமித்த டாக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. அவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு தானா ராத்தாவிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். நீல அடையாள அட்டை உள்ளவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சாதாரண வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்குகிற பயணச் செலவுதான் அதைவிட அதிகம். நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போகலாம், வெட்கப்படாமல் பேசிக்கொண்டால்.

பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்து நம் பக்கத்து நிரையில் வேலை செய்கிற சகோதரர்களுக்கும் இந்த லீவுச் சட்டம் பொருந்தும். ஆனால் அவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் பல மடங்கு. நோயை மறைக்க அவர்களுக்குக் காரணம் இன்னும் அதிகம். தெரிந்ததை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது

நோய் வந்த பிறகு லீவு கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. வராமல் தடுக்க வேண்டும். 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் நலனுக்குப் போதிய வசதி செய்து தருவதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் இதைக் கிளப்புங்கள். வெட்டு நடக்கிற மலைக்குப் பக்கத்தில் கதவு உள்ள கக்கூஸ் வேண்டும், பெண்களுக்குத் தனியாக வேண்டும். குடிக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும். இயற்கைக் கடன் கழிக்கப் போனவரை மண்டோர் அதட்டக் கூடாது. இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டாம், மனம் இருந்தால் போதும்.

1978 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் மூல வேதனை தாங்காமல் ஒரு நாள் அலுவல்களை ரத்துச் செய்துவிட்டு ஓய்வெடுத்தார். அந்தச் செய்தி உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அவருடைய மானம் கப்பலேறவில்லை. உலகத்தையே ஆட்டிவைக்கிற நாற்காலியில் உட்கார்ந்தவருக்கே உட்கார முடியவில்லை என்றால், சாக்குச் சுமக்கிற நமக்கு வந்தால் என்ன வெட்கம்?

சகோதரிகளே, உங்களுக்குத்தான் கடைசியாகச் சொல்கிறேன். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள். அம்மாவையோ அக்காவையோ கூட அழைத்துக்கொண்டு போங்கள். பரிசோதனைக்கு ஆவது ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை எங்கள் பக்கத்து லயத்து அக்கா ஒரு வருஷம் முன்னால் கொடுத்திருந்தால், இன்று அவர் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்துகொண்டிருப்பார்.

அடுத்த கூட்டத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுவேன். உங்களில் யாராவது உட்காராமல் நின்றால், கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக வந்து பாருங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன். எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில், எந்தக் கடிதத்தோடு போவது என்று மட்டும் சேர்ந்து பார்ப்போம்.